உப்பாற்றங்கரையில் ஒரு நல்லதண்ணிக் குளம்

காலை ஐந்தரை மணிக்குப் பாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். தெற்கிலிருந்து வந்த கேனிங் லோக்கல் நின்றதும் நடைமேடை முழுக்கப் பெண்கள். கையில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் தூக்கம் கலையாத அவசரம். கொல்கத்தாவின் அடுக்குமாடிகளில் பாத்திரம் துலக்கவும் சமைக்கவும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவும் போகிறவர்கள். மூன்று மணிக்கே எழுந்து, வீட்டுக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டு ரயில் ஏறியிருப்பார்கள். எதிர்த் திசையில் நான் ஏறிய கேனிங் ரயில் காலியாகக் கிடந்தது.

நான் தங்கியிருந்தது லேக் மார்க்கெட் பக்கம், தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி. நண்பர் வீட்டில் வேலை செய்யும் அக்கா தினமும் அந்தக் கூட்டத்தில் வந்து இறங்குகிறவர்தான். சொந்த ஊர் சுந்தரவனத்தில் கோசாபா தீவு. 2009 மே 25 அன்று ஐலா புயல் கரையை உடைத்து வயலுக்குள் உப்புத் தண்ணீரை விட்ட பிறகு, புருஷன் பிள்ளைகளோடு கேனிங்கில் வாடகைக்கு வந்துவிட்டார். நான் அந்தத் தீவுக்குப் போகிறேன் என்றதும் ஒரு கம்பளிச் சால்வையும் கொஞ்சம் மாத்திரைகளும் கட்டிக் கொடுத்தார். "எங்கம்மாகிட்ட குடுத்துடுங்க, தாதா." அண்ணனை வங்காளிகள் தாதா என்பார்கள். பிறகு வாசல் வரை வந்து சொன்னார்: "அப்படியே குளத்தையும் ஒரு தரம் பாத்துட்டு வாங்க."

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நான் இராமநாதபுரத்துக்காரன். ஊருணியில் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் மாசி, பங்குனியைக் கணக்குப் போடுவார்கள். எங்கள் மன்னார் வளைகுடாவில் நல்லதண்ணித் தீவு என்றே ஒரு தீவு இருக்கிறது. உப்புக்கு நடுவே நல்ல தண்ணீர் கிடைத்த இடத்துக்கு மீனவர்கள் வேறு எந்தப் பெயரை வைப்பார்கள்?

கேனிங்கில் இறங்கினால் மாத்லா ஆறு. இங்கே கொல்கத்தாவுக்கு மாற்றாக ஒரு துறைமுகம் கட்ட ஆங்கிலேயர்கள் முனைந்தார்கள். வேண்டாம், புயல் கொண்டுபோய்விடும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் ஹென்றி பிடிங்டன். 'சைக்ளோன்' என்ற சொல்லை 1848-இல் உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். யாரும் கேட்கவில்லை. துறைமுகம் எழுந்தது, ரயிலும் வந்தது. 1867-இல் புயல் வந்து துறைமுகத்தைச் சிதைத்தது. ரயில் பாதை மட்டும் மிஞ்சியது. அந்தப் பாதையில்தான் இன்றைக்கு அந்தப் பெண்கள் வந்து போகிறார்கள்.

மாத்லா பாலத்தைத் தாண்டி, பாசந்தி வழியாக, ஷேர் வண்டியில் ஒன்றரை மணி நேரம் நெருக்கியடித்து உட்கார்ந்து போனால் கோட்காலி படித்துறை. சாலை அங்கே முடிந்துவிடுகிறது. படித்துறையில் கொல்கத்தாவிலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நின்றன. அக்காவின் தம்பி எனக்காகக் காத்திருந்தான்.

"வாங்கண்ணா, சாப்டீங்களா?"

திருப்பூர்த் தமிழ்! ஐலாவுக்குப் பிறகு தீவுகளின் இளைஞர்கள் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இவன் ஆறு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்திருக்கிறான். இப்போது சுற்றுலாப் படகில் சமையல்காரன். "அங்க சம்பளம் நல்லாத்தான் இருந்துச்சுண்ணா. ஆனா அம்மா தனியா இருந்துச்சு. இங்க சீசன்ல வேலை கெடைக்குதுன்னு தெரிஞ்சதும் வந்துட்டேன்." திருப்பூருக்குப் போன ஒரு மகன் திரும்பிவந்து தன் தாயின் பக்கத்தில் படுத்து உறங்குகிறான் என்றால், அதற்குச் சுற்றுலாதான் காரணம். இந்தக் கட்டுரையில் நான் எதைக் குறை சொன்னாலும் இதை மறக்கக் கூடாது என்று அங்கேயே மனதில் முடிந்துகொண்டேன்.

ஆற்றைக் கடந்தால் கோசாபா. கடைத்தெருவுக்கு அப்பால் கால்களின் மேல் நிற்கும் ஒரு மரபங்களா. ஸ்காட்லாந்துக்காரர் டேனியல் ஹாமில்டன் கட்டியது. கொல்கத்தாவில் மெக்கினன் மெக்கன்சி கப்பல் கம்பெனியை நடத்திய பெரிய மனிதர். 1903-இல் இந்தத் தீவுகளைக் குத்தகைக்கு எடுத்து, கரை கட்டி, குடிகளை அமர்த்தினார். வட்டிக்காரன் கையில் விவசாயி சிக்கக் கூடாது என்று கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கினார். 1932 டிசம்பரில் ரவீந்திரநாத் தாகூர் இதைப் பார்க்கவே வந்து தங்கினார். 1936-இல் ஹாமில்டன் தன் பண்ணைக்கென்று ஒரு ரூபாய் நோட்டே அச்சடித்தார். உழைத்தவனுக்குக் கூலியாகப் போன நோட்டு, தீவின் கடையிலேயே அரிசியாகவும் துணியாகவும் மாறித் திரும்பிவரும். பணம் ஆற்றைத் தாண்டி ஓடிவிடாமல் ஊருக்குள்ளேயே சுற்றிவர வேண்டும் என்ற எண்ணம் அது. அந்த பங்களாவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாக்காரர் கிடையாது. அந்த நோட்டின் கதையை யாராவது அவர்களுக்குச் சொன்னால் நன்றாயிருக்கும்.

கோசாபாவிலிருந்து பாக்கிராலய் வரை 'டோட்டோ' எனப்படும் பேட்டரி ரிக்‌ஷாவில் போனோம். வழியில் ராங்காபேலியா. 1967-இல் இங்கே தலைமையாசிரியராக வந்த துஷார் காஞ்சிலால், பள்ளிப் பிள்ளைகள் பசியோடு வருவதைப் பார்த்து, பாடத்தோடு நிற்காமல் விவசாயம், பெண்கள் தொழில், மருத்துவம் என்று ஊரையே கையில் எடுத்துக்கொண்டார். 1986-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2020-இல் காலமானார். மழையை நம்பி ஒரு போகம் மட்டும் விளைந்த மண்ணில் இரண்டாவது போகம் எடுக்க முடியும் என்று காட்டியதற்குப் பின்னால் இருந்தது, மழைநீரைக் குளத்தில் தேக்கும் எளிய வேலைதான்.

அறுவடை முடிந்த டிசம்பர் வயல்கள் எங்கள் ஊர்க் கரிசலைப் போல வெடித்துக் கிடந்தன. வருஷத்துக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற பூமி இது. ஆனால் பெய்வதெல்லாம் சில மாதங்களில். அதன் பிறகு நல்ல தண்ணீர் என்பது குளத்தில் நின்றது மட்டும்தான். ஆறுகள் ஆறு என்ற பெயரில் ஓடும் கடல். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்தின்போது ஆற்றின் மட்டம் வயலின் மட்டத்தைவிட உயர்ந்து நிற்கிறது. நடுவே மண்கரை ஒன்றே காவல். குழாய்க் கிணறு போடலாம், ஆனால் மேலடுக்கில் உள்ளது உப்பு. நல்ல ஊற்றைத் தொட ஆயிரம் அடி வரை இறங்க வேண்டும். இங்கே தண்ணீருக்கு இரண்டே சாதி: 'மிட்டே ஜல்', 'நோனா ஜல்'. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்.

பாக்கிராலய் என்றால் பறவைகளின் வீடு. இப்போது விடுதிகளின் வீடு. எதிர்க்கரையில் புலிக்காடு தெரிகிறது என்பதால் ஆற்றங்கரை நெடுக அறைகள் எழுந்திருக்கின்றன. இளநீர், தேன், பட்டாணிச் சுண்டல், கம்பளிக் குல்லாய் என்று பெண்கள் கடை விரித்திருந்தார்கள். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன் இந்தப் பெண்களில் பலர் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க வலை இழுத்து இறால் குஞ்சு பிடித்தவர்கள். முதலை பயம் ஒருபக்கம், தோலில் புண் ஒருபக்கம். "இப்போ கால் காய்ஞ்சிருக்கு" என்றார் தேன் விற்ற ஒரு பெண். தம்பி அதைத் தமிழில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காய்ந்த காலோடு உட்கார்ந்து சம்பாதிப்பது எவ்வளவு பெரிய வரம் என்று நகரத்தில் இருக்கும் நமக்குத் தெரியாது.

மறுநாள் காலை தம்பியின் படகில் காட்டுக்குள் போனோம். 1973-இல் புலிகள் காப்பகம், 1984-இல் தேசியப் பூங்கா, 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். இந்தியப் பக்கத்தில் 102 தீவுகள், 54-இல் மக்கள், மற்றவை காடு. நூறு புலிகள் அளவில் இருப்பதாக 2022 கணக்கெடுப்பு சொல்கிறது. சஜ்னேகாலியில் அனுமதிச் சீட்டு வாங்கி, ஊர்க்காரரான ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டோம். கரையோரம் ஈட்டி நட்டதுபோல மூச்சு வேர்கள். கேவா மரத்தைக் காட்டினார் வழிகாட்டி. பார்த்தால் நம் தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம், பிச்சாவரத்தில் நிற்கிற அதே மரம், இங்கே குளிரில் இலை சிவந்து நின்றது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று எங்கள் பக்கம் சொல்வதையே அவரும் சொன்னார்.

சுதன்யகாலியில் காவல் கோபுரம் இருக்கிறது. ஐம்பது பேர் மேலே ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். கீழே இருந்தது ஒரு குளம். காட்டிலாகா வெட்டிய நல்லதண்ணிக் குளம். புள்ளிமான்கள் வந்து குடித்தன. ஓர் உடும்பு கரையில் நெளிந்து போனது. புலியும் இந்தத் தண்ணீருக்குத்தான் வரும், அதனால்தான் இங்கே கோபுரம். உப்பைக் குடித்துப் பழகிய புலிக்கும் நல்ல தண்ணீர் வேண்டியிருக்கிறது. சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும், எங்கள் கைபேசிகள் எல்லாம், ஒரு குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் புலி வராதது குறையாகத் தெரியவில்லை. அக்கா பார்க்கச் சொன்ன குளம் நினைவுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் தம்பியோடு அவன் ஊருக்கு நடந்தேன். செங்கல் பதித்த ஒற்றையடிப் பாதை. அவன் அம்மா, மாஷி, வாசலில் நின்றிருந்தார். சித்தியை, பெரியம்மாவை வங்காளத்தில் மாஷி என்பார்கள். சால்வையைப் பிரித்து, மோந்து பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். மகளின் வாசனையைத் தேடியிருப்பார். அவர் கணவர் நண்டு பிடிக்கக் காட்டுக்குள் போனவர், திரும்பவில்லை. புலி. உரிமம் இல்லாமல் போனவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைப்பது அரிது. இவர்களுக்கும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட பெண்களை இந்தப் பக்கம் 'பாக் பிதபா', புலியால் விதவையானவர்கள் என்கிறார்கள். முதல் நாள் இரவு விடுதியில் எங்களுக்காக ஆடிக் காட்டிய வனபீபி கூத்தில், தேனுக்காகத் தன்னைக் காட்டுக்குள் விட்டுப்போன பங்காளியின் துரோகத்திலிருந்து சிறுவன் துக்கேயை வனபீபி காப்பாற்றுவாள். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கும்பிடும் அந்தத் தாயின் கதை ஓர் இரவெல்லாம் நடக்கும். விடுதியில் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். மாஷியிடம் கூத்தைப் பற்றிச் சொன்னேன். "முழுசா பாக்கணும்னா தை மாசம் வா" என்றார். அது அவர்களுடைய கூத்து, வனபீபிக்கு நடக்கும் கூத்து.

பிறகு குளத்தைக் காட்டினார். வீட்டுக்குப் பின்னால், தென்னை நிழலில், ஒரு பெரிய கூடம் அளவுக்குத்தான் இருக்கும். ஈச்சமரத் தடியைப் பிளந்து படி வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் குடிதண்ணீர் எடுக்க வேண்டும். அங்கே யாரும் கால் நனைக்கக் கூடாது. ஆடு வராமல் முள்வேலி. தண்ணீருக்கு மேல் ஐந்து படி வெளியே தெரிந்தது. மாஷி குனிந்து, கையால் மேல் தண்ணீரை மெல்ல ஒதுக்கி, குடத்தை அமுக்கி எடுத்தார். பித்தளைத் தம்ளரில் எனக்கும் கொடுத்தார். இலையின் வாசனையோடு, ஊருணித் தண்ணீரின் அதே ருசி.

ஐலாவில் இந்தக் குளம் உப்பாகிப்போனது. மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. இறைத்து வெளியே ஊற்றி, மழைக்குக் காத்திருந்து, மறுபடி இறைத்து, நாக்குக்கு ஒத்துக்கொள்ள வருஷங்கள் ஆயின. 2020 மே மாதம் ஆம்பன், அடுத்த மே மாதம் யாஸ். அடுத்தடுத்து அடி. இப்போதைய குளத்தை ஆழப்படுத்தியது வனக் குழுவின் பணம் என்றான் தம்பி. சுற்றுலாக்காரர்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு காட்டோரக் கிராமங்களின் வனக் குழுக்களுக்குப் போகிறது. குளம் வெட்டுவது, செங்கல் பாதை போடுவது எல்லாம் அதில்தான். நான் சஜ்னேகாலியில் கட்டிய சில நூறு ரூபாயில் ஒரு துளி இந்தத் தம்ளரில் இருக்கலாம் என்று நினைத்தபோது, பயணம் வந்ததற்கு அர்த்தம் கிடைத்தது.

ஆனால் அது ஒரு துளிதான். படித்துறைக்குத் திரும்பும்போது தம்பி மிச்சக் கணக்கைச் சொன்னான். ஆற்றோர நிலத்தை ஊர்க்காரர்கள் கஷ்ட காலத்தில் விற்றார்கள், வாங்கியவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். சுற்றுலாக்காரர்கள் இரண்டு இரவு, மூன்று பகல் என்று மொத்தமாகக் கொல்கத்தாவிலேயே பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். தீவுக்கு வந்து சேர்வது கூலி மட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேலை. மழைக்காலத்தில் இலிஷ் மீன் திருவிழா என்று சில வாரம். மற்ற மாதங்களில் சிலர் மறுபடி நண்டுக்குக் காட்டுக்குள் போகிறார்கள். விடுதிக்கு ஆழ்குழாய் இருக்கிறது. விருந்தினர் காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல். குடிக்கக் கேன் தண்ணீர் படகில் வருகிறது. காலியான பாட்டில்கள் வற்றத்தின்போது மூச்சு வேர்களில் மாட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்தேன்.

தண்ணீர் இல்லாத தீவுக்குச் சுற்றுலா என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் ஒரு தெளிவான உதாரணம் இருக்கிறது. அட்லாண்டிக்கில் ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே. 1730 முதல் 1736 வரை எரிமலை கக்கி, நல்ல வயல்களைச் சாம்பல் மூடிய தீவு. ஆண்டு மழை 150 மில்லிமீட்டர் அளவே. அந்தச் சாம்பலிலேயே குழி தோண்டி, பனி ஈரத்தைப் பிடித்துத் திராட்சை வளர்த்தார்கள். கூரை மழையை நிலவறைத் தொட்டியில் சேர்த்தார்கள். 1960-களில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, அதன் பின்னால் சுற்றுலா வந்தது. அந்தத் தீவில் பிறந்த ஓவியர் செசார் மான்ரிகே, வீடுகள் உயரக் கூடாது, வெள்ளைச் சுவர் மாறக் கூடாது, விளம்பரப் பலகை வேண்டாம் என்று கடைசிவரை போராடினார். முழுக்க ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் வருகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஊர்க்காரன் சொல்லலாம் என்று நிறுவினார்.

சுந்தரவனமும் ஒரு முறை அப்படிச் சொல்லியிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய நிறுவனம் மிதக்கும் விடுதிகளோடு இங்கே பெருந்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, எழுத்தாளர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. இன்றைக்கு நூறு சின்ன விடுதிகளாக அது திரும்பி வந்துகொண்டிருக்கிறதோ என்று எனக்குக் கவலை. சின்ன விடுதி என்றால் அது ஊர்க்காரருடையதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விடுதியும் கூரை மழையைச் சேர்க்கத் தொட்டி கட்ட வேண்டும். நாம் தரும் பணத்தில் எடுத்துவைக்கும் பங்கு கரைக்கும் குளத்துக்கும் என்று எழுதியே வைக்க வேண்டும். ஹாமில்டன் தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரு ரூபாய் நோட்டில் கண்ட கனவு இதற்கு மேல் ஒன்றும் இல்லை. போகிற நாமும் புலி தெரிந்ததா என்று மட்டும் கேட்காமல், யார் வீட்டில் தங்குகிறோம், யார் படகில் ஏறுகிறோம் என்று கேட்டுவிட்டுப் போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கதையோடு வளர்ந்தவன் நான். இன்றைக்கு அந்த இடிபாடுகளைப் பார்க்க வண்டி வண்டியாகக் கூட்டம் வருகிறது, சங்கு விற்கும் குடிசைக்காரர்கள் அன்றும் இன்றும் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். கோசாபாவுக்கு அந்தக் கதி வேண்டாம்.

நான் திரும்பிய மறுநாள் காலை லேக் மார்க்கெட் வீட்டுக்கு அக்கா ரயிலிலிருந்து நேராக வந்தார். எல்லோரும் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்டார்.

"புலி பாத்தீங்களா, தாதா?"

"இல்லக்கா. குளம் பாத்தேன்."

கையில் எடுத்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை படி தெரிஞ்சது?"

"அஞ்சு."

கண்ணை மூடி விரல் மடக்கி வங்காள மாதங்களை எண்ணினார். பௌஷ், மாக், பால்குன். பிறகு முகம் தெளிந்தது.

"சைத்ரம் வரைக்கும் வரும். அம்மாவுக்குப் போதும்."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் நிறைந்ததும் ஒரு சொட்டு அதிகம் போகாமல் இறுக்கி மூடும் சத்தமும் கேட்டது.